கணவனா கருவியா

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மஞ்சள் மண்டியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமாக பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எழுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறது. சாந்தாமணி, வீரப்பன்சத்திரம், ஈரோடு. ரத்த வகை தெரியாது. "கொதிக்கிற வகைன்னு எழுதிக்க" என்கிறார் என் வீட்டுக்காரர் நல்லசிவம். மண்டியில் கணக்கு எழுதுகிற மனுஷனுக்கு வாய் மட்டும் இப்படி.

டைரி எழுதக் காரணம் இருக்கிறது. ‘அந்தித் தமிழ் அவை’ என்று ஒரு கூட்டம் இணையத்தில் பட்டிமன்றம் நடத்துகிறது. அவரவர் வீட்டிலிருந்தே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்களைப் பொறுக்கி எடுத்து, பொங்கலுக்குக் கரூரில் நிஜ மேடையில் ஏற்றுவார்களாம். நிஜ மைக், நிஜ ஜனம். என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்! நாற்பத்தெட்டு வயது வரை நான் பேசிய பெரிய கூட்டம் நான் வேலை பார்க்கும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் தீவன விலை ஏறியபோது கூடிய கூட்டம்தான். அதுவும் என்னைத் திட்ட வந்த கூட்டம். எனக்கு அந்த மேடை வேண்டும். சும்மா ஆசை இல்லை, வெறி.

இன்று வீட்டிலுள்ள சாமான் ஒன்று விடாமல் பூஜை. கிரைண்டர், மிக்ஸி, அரிவாள்மணை, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர், லேப்டாப். போன மாதம் அடுத்த வீட்டு டி.வி. இடி விழுந்து புகைந்து போனதிலிருந்து இவர் பயந்துபோய் ஒரு ஸ்பைக் பஸ்டர் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். நாலு பிளக் செருகலாம், சிவப்பு விளக்கு எரியும். அதோடு நெட் வரும் கேபிள் ஒயரும் ஒரு பக்கம் ஓட்டையில் நுழைந்து மறு பக்கம் வெளியே வந்து, கீழே மேஜையில் இருக்கும் மோடத்துக்குப் போகும். இடி கேபிள் வழியாக வந்தால்கூட அது பிடித்துக்கொள்ளுமாம். சாமிக்கு அடுத்தபடி இவர் வீட்டில் கும்பிடுவது அதைத்தான்.

"ஒரு சின்னப் பொட்டு வெச்சாப் போதும் சாந்தா" என்றார். நானா விடுவேன்? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலில் வழித்து, முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று பட்டை பட்டையாகத் தீட்டினேன். குங்குமம் வைத்தேன். மாவிலையால் தீர்த்தமும் தெளித்தேன்.

"அடியே, கரண்டு இருக்குது!" என்று கத்தினார்.

"கரண்டு இருக்கறது சாமிக்குத் தெரியாதுங்களா?" என்றேன். சுண்டலில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

அக்டோபர் 2, வியாழன்

தலைப்பு வந்துவிட்டது. ‘இல்லத்தரசிக்குப் பெரிதும் துணை நிற்பது கணவனா? கருவிகளா?’ சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம். எனக்கு ‘கணவனே’.

என் கெரகம்.

அக்டோபர் 4, சனி

இன்று ஒத்திகை. நடுவர் பேராசிரியர் இளவழுதி, நரைத்த மீசை, கம்பீரமான குரல். எதிரணியில் திருச்சி ஹேமலதா. அந்தம்மா முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் வீட்டுக்குள் சினிமா லைட் வைத்திருப்பார் போலிருக்கிறது.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "கணவன் என்பவன்..." என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் மழை மாதிரிப் பொழிந்து, முடித்துக் கும்பிட்டேன். பார்த்தால் திரையில் எல்லாரும் சிலையாக இருக்கிறார்கள். கடைசியில் ஹேமலதா போன் பண்ணுகிறார்: "மேடம், நீங்க ‘கணவன் என்பவன்’ அப்படின்னீங்க. அதோட நின்னுட்டீங்க. நாங்களும் என்னவோ சொல்லப் போறீங்கன்னு இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தோம்."

கணவன் என்பவனைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்லி, எல்லாரும் சிரித்தார்களாம். நெட் நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது!

அக்டோபர் 5, ஞாயிறு

மோடத்தில் நாலு விளக்கு. இரண்டாவது நின்று எரிந்தால் நெட் இருக்கிறது. கண் சிமிட்டினால் இல்லை. காலையிலிருந்து அது என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

இவர் டூல் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மோடத்தை அணைத்துப் போட்டார். கவிழ்த்து வைத்தார். தட்டினார். பிறகு "கேபிள்காரன்தான் என்னமோ பண்ணிப்புட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் கேட்டேன், "ஏனுங்க, அந்த ஸ்பைக் பஸ்டர்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்களா?"

பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொன்ன மாதிரிப் பார்த்தார். "அது கரண்டுக்குடி. நெட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேபிள் ஒயர் அதுக்குள்ள பூந்துதானே வருது?"

"பூந்தா? பாதுகாப்பாப் பூந்து வருது!"

அக்டோபர் 7, செவ்வாய்

கேபிள்காரர் பழனிவேல் வந்தார். கம்பத்தில் ஏறி ஒரு சின்னப் பெட்டியை மாட்டி அளந்தார். சிக்னல் நன்றாக இருக்கிறதாம். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில் அளந்தார். அங்கேயும் நன்றாக இருக்கிறதாம்.

"அப்புறம் எங்க போச்சு தம்பி? எங்கூட்டு ஹால்ல நடந்து வரதுக்குள்ள காணாமப் போயிருதா?"

"அதாங்க்கா எனக்கும் புரியில."

நான் ஸ்பைக் பஸ்டரைக் காட்டினேன். பழனிவேல் அதைப் பயபக்தியோடு பார்த்தார். என் பட்டையும் குங்குமமும் அப்படி ஒரு மரியாதையை அதற்குக் கொடுத்திருந்தன. "செகப்பு லைட்டு எரியுதுல்லீங்க்கா? லைட்டு எரிஞ்சா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"பாத்தியா!" என்றார் இவர். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று பழனிவேல் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். மழைக்காலம் மார்கழியில் முடியும். போட்டி இந்த மாதம்.

அக்டோபர் 9, வியாழன்

புடலங்காய்க் கூட்டு. நெட் இல்லை.

அக்டோபர் 11, சனி

மானம் கப்பலேறிவிட்டது.

முதல் சுற்று. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். கதை சொல்லி, மெல்ல மெல்லக் கொண்டுபோய், சிரிக்க வைக்கும் இடத்துக்கு வந்தேன். வாயை அகலமாகத் திறந்தேன். அந்த நொடியில் நின்றுவிட்டது. எல்லார் வீட்டுத் திரையிலும் நான் வாயைப் பிளந்தபடி, ஒரு கண் மூடி, ஒரு கை தலைக்கு மேலே. யாரோ அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். பல் டாக்டர் கடைப் பலகையில் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. கம்மல் பளிச்சுனு தெரியுது" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஹேமலதா தன் முறையில், "எதிரணித் தோழிக்குக் கணவர் துணை இருக்கிறார். பாவம், இணையம்தான் துணை இல்லை" என்று போட்டார் ஒரு போடு. கைதட்டல். அதுமட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

முடிந்ததும் நடுவர் போன் பண்ணினார். "அம்மா, உங்க பேச்சுல பாதிதான் எங்களுக்கு வந்துச்சு. வந்த பாதி நல்லா இருந்ததால அடுத்த சுற்றுக்கு விடறேன். ஆனா இறுதிச் சுற்றுலயும் இப்படி அறுந்து அறுந்து போச்சுன்னா, மாற்றுப் பேச்சாளரைத்தான் மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 13, திங்கள்

நெட் ஒரு பக்கம் கிடக்கட்டும். பேச விஷயம் வேண்டுமே! ஆபீசில் ஒவ்வொருத்தியிடமும் போய், "உன்ற ஊட்டுக்காரர் ஊட்டு வேலையில என்ன ஒத்தாசை பண்ணுவாரு?" என்று கேட்டேன். ரங்கநாயகி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. தங்கமணி மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு, "துணி காயப் போட்டா மழை வருதுன்னு சொல்லுவாருங்க்கா" என்றாள். எடுக்க மாட்டாராம். சொல்லுவாராம்.

என் வீட்டுக் கதை இன்னும் மோசம். இன்று நான் வரும்போது இந்த மனுஷன் மழையில் மொட்டை மாடியில் குடையில்லாமல் நின்று, கேபிள் ஒயரைத் தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் பையால் சுற்றிக்கொண்டிருக்கிறார். காய்கறிப் பை, ஜவுளிக்கடைப் பை, பால் கவர் எல்லாம். மாடி முழுக்கத் தோரணம் கட்டியது போல் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்து இப்போது தும்மிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மிளகு ரசம் வைக்க வேண்டிய வேலை எனக்கு. கணவன் துணையாம் துணை!

அக்டோபர் 14, செவ்வாய்

போனில் நெட் போட்டுப் பேசிவிடலாம் என்று பார்த்தேன். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மாடிக்குப் போனால் கிடைக்கும். போனேன். பின்பக்கத்துத் தறிக்குடோனில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. ‘டக்கடி டக்கடி’க்கு நடுவில் நான் பேசியதைப் பதிவு பண்ணிக் கேட்டேன். கணவன் டக்கடி, மனைவி டக்கடி. கீழே வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

சாயங்காலம் ஆபீசிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, பழைய டூத் பிரஷ்ஷை வைத்து ஸ்பைக் பஸ்டரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்!

"ஏனுங்க, அதுக்குப் பல்லு வேற வெளக்கி விடறீங்களா?"

திடுக்கிட்டுப் போய் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல, தூசி." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "சாந்தா, நெட்டு வராதது என்ற தப்புத்தான். அன்னிக்கு மாட்டறப்ப ஒயரை நான் செரியா முடுக்காம உட்டுட்டேன் போலருக்குது" என்றார்.

விடுவேனா? இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் திட்டினேன். உங்களால்தான் என் வாய் உலகம் முழுக்கப் பிளந்து நின்றது, உங்களால்தான் ஹேமலதா என்னைக் கிண்டல் பண்ணினாள், எதைத் தொட்டாலும் விளங்காது என்று ஒரு மூச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. நன்றாகத் தூங்குவேன்.

அக்டோபர் 18, சனி

இவர் ஒயரை முடுக்கியும் மோடம் கண்ணடிப்பதை விடாததால், இரண்டாம் சுற்றை நாத்தனார் வீட்டில் போய்ப் பேசினேன். அங்கே நெட் குதிரையாக ஓடுகிறது. ஆனால் நாத்தனார் கதவைத் திறந்து திறந்து, "அண்ணி, காப்பிக்குச் சக்கரை போடட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘கணவனே’ என்று நான் முழங்கும்போது சரியாக அவள் குக்கர் விசிலடித்தது. கருவி தன் கட்சிக்குப் பேசிவிட்டது என்றார் நடுவர். தப்பித்தேன், இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டேன்.

இறுதிச் சுற்று தீபாவளி தாண்டி, 26ஆம் தேதி. அன்றைக்கு நாத்தனார் வீட்டோடு திருச்செந்தூர் போகிறாளாம். சாவியைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஓசூரிலிருந்து பையன் வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். அதிரசம் கல்லாகிவிட்டது, யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது.

அக்டோபர் 23, வியாழன்

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

இன்று லீவு போட்டு வீட்டைக் கூட்டித் துடைத்தேன். சுவர் துடைக்கும்போது ஸ்பைக் பஸ்டரையும் துடைத்தேன். முன்பக்கத்தில் என் பட்டையைக் காணோம், யாரோ சுத்தமாகத் தேய்த்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கேபிள் ஒயர் நுழைகிற இடத்தில் மட்டும் மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஒயரின் மூடியைத் திருகிக் கழற்றினேன்.

உள்ளே சந்தனம். ஓட்டையை அடைத்துக்கொண்டு, பன்னீர் வாசத்தோடு, இறுகிப் போன சந்தனம். நடுவில் இருக்கிற கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடக்கிறது. எல்லாம் நான் தீட்டிய பட்டையும் தெளித்த தீர்த்தமும் செய்த வேலை. கம்பம் வரை நன்றாக வந்த சிக்னலை என் பக்திதான் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது!

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஓடிப் போய் இவர் டூல் பாக்ஸைத் திறந்தேன். டூத் பிரஷ் இருந்தது. அதன் மயிருக்குள் எல்லாம் மஞ்சள் சந்தனம். ஓட்டைக்குள் மட்டும் அது எட்டவில்லை போலிருக்கிறது.

இந்த மனுஷனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நான் திட்டத் திட்டத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். போட்டிக்கு முன்னால் என் மனசு உடையக் கூடாதாம். பாவி மனுஷா, சொல்லியிருக்கலாமே! நான் என்ன பேச்சுப் பேசினேன். எதைத் தொட்டாலும் விளங்காது என்றேன். நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஏன் மாட்டினேன் என்று தெரியவில்லை. அவர் இதை மறைக்கிறார், நான் எப்படித் தெரிந்தது என்று காட்டிக்கொள்வது?

அக்டோபர் 24, வெள்ளி

சாப்பிடும்போது பட்டும் படாமலும் ஆரம்பித்தேன். "ஏனுங்க, ஒரு நாளைக்கு அந்தப் பெட்டியைக் கழட்டிப்போட்டு, ஒயரை நேரா மோடத்துக்கே குடுத்துப் பாக்கலாங்களா?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "வேண்டாம். இடி வேற இடிக்குது. காஞ்சாச் செரியாப் போயிரும்."

"எது காஞ்சா?"

புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்தார். "மழைதான். மழை காஞ்சா."

மழை எங்கே காயும்? நானும் "ஆமாமா" என்று தலையாட்டினேன். கழற்றினால் குட்டு உடைந்துவிடும் என்று அவருக்குப் பயம். கேட்டால் அவருக்கு வருத்தமாகும் என்று எனக்குப் பயம். நடுவில் ஸ்பைக் பஸ்டர் சிவப்பாக எரிந்துகொண்டு சுவரில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழனிவேலைப் புது ஒயரோடு வரச் சொல்லியிருக்கிறாராம்.

அக்டோபர் 26, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பழனிவேல் வரவில்லை. மத்தியானம் பிடித்த மழையில் பாதி ஊருக்குக் கேபிள் போய், அவர் எங்கேயோ கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாராம். எங்களுக்கு வரும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சத்தியம் பண்ணினார். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டாவது விளக்கு கண்ணடித்தது. அப்புறம் அதுவும் நின்று, அடியோடு செத்துவிட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். எழுந்து வந்து, தான் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய ஸ்பைக் பஸ்டரை ஒரே இழுப்பில் சுவரிலிருந்து பிடுங்கிக் கட்டில் மேல் எறிந்தார். மோடத்தின் பிளக்கை நேராகச் சுவிட்ச் போர்டில் செருகினார். கேபிள் ஒயரை எடுத்து மோடத்தில் மாட்டப் பார்த்தால், ஒயர் மேஜைக்கு எட்டவில்லை! ஸ்பைக் பஸ்டர் மாட்டிய அன்று, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று மிச்ச ஒயரை இவரே வெட்டிவிட்டிருந்தார்.

ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு அதன் மேல் மோடத்தை வைத்துப் பார்த்தோம். அப்போதும் ஒயரின் முனையை அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு நின்று எரிகிறது. விட்டால் போய்விடுகிறது.

"நீ பேசு சாந்தா. நான் புடிச்சுக்கறேன்" என்றார்.

சுவரோரமாக, கேமராவில் தெரியாத இடத்தில், ஒரு கையில் மோடத்தை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஒயரை அழுத்திக்கொண்டு நின்றார். பால்குடம் எடுக்கிறவர் மாதிரி அசையவில்லை. விளக்கு நின்று எரிந்தது. நடுவர் முகம் கண்ணாடியாகத் தெரிந்தது.

ஹேமலதா முதலில் பேசினார். அம்மாடி, என்ன பேச்சு! வாஷிங் மிஷின் எதிர்த்துப் பேசாது, மிக்ஸி மாமியாரிடம் கோள் சொல்லாது, குக்கர் கிரிக்கெட் பார்க்காது என்று அடுக்கினார். எனக்கே கைதட்டத் தோன்றியது. அதற்குள் இவர் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறதே! மூக்கைச் சுளித்தார், உதட்டைக் கோணி ஊதினார். கொசு சாவகாசமாகக் குடித்துவிட்டு நெற்றிக்கு இடம் மாறியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த பேச்சு மேஜை மேல் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"நடுவர் அவர்களே, எதிரணித் தோழி சொன்னது அத்தனையும் உண்மை. என் வீட்டிலும் கிரைண்டர் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது. எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் நான் ஒரு தப்புப் பண்ணினேன். ஆயுத பூஜை அன்று ஸ்பைக் பஸ்டருக்குச் சந்தனக் காப்புச் சாத்தி, என் வீட்டு நெட்டை நானே கெடுத்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்த அந்தப் பிளந்த வாய்க்கு நான்தான் காரணம். என் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, ‘என் தப்பு’ என்று என்னிடம் சொன்னார். நான் திட்டினேன். நின்று வாங்கிக்கொண்டார். நடுவர் அவர்களே, எந்த மிக்ஸியாவது என் தப்பைத் தன் தப்பு என்று சொல்லியிருக்கிறதா? எந்தக் குக்கராவது எனக்காகத் திட்டு வாங்கியிருக்கிறதா?"

ஓரக்கண்ணால் பார்த்தேன். இவர் வாய் பிளந்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?" என்று சத்தமில்லாமல் கேட்டார். நிறுத்தாமல் பேசினேன். மாடியில் பிளாஸ்டிக் பை கட்டியதைச் சொன்னேன், தும்மியதைச் சொன்னேன், பிளந்த வாய்ப் படத்தில் கம்மல் நன்றாக இருக்கிறது என்று சொன்னதைச் சொன்னேன். திரையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை.

"இந்த நிமிஷம் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதே, அதுகூட அவர் கையில் மோடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான்!" என்று முடித்தேன்.

நடுவர் எழுந்தே விட்டார். "அம்மா, அந்த நல்ல மனுஷனை நாங்க பார்க்கலாமா?"

லேப்டாப்பை அப்படியே இவர் பக்கம் திருப்பினேன்.

திடீரென்று இத்தனை முகம் தன்னைப் பார்ப்பதைக் கண்டு இவர் வெலவெலத்துப் போனார். "வணக்கம் ஐயா!" என்றார் நடுவர்.

பெரிய மனுஷன் வணக்கம் சொன்னால் இவர் சும்மா நிற்பாரா? இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார்.

மோடம் ஸ்டூலில் விழுந்து, மேஜையில் விழுந்து, தரையில் விழுந்தது. மூடி ஒரு பக்கம், உள்ளே இருப்பது ஒரு பக்கம். திரை நின்றுவிட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. இவர் கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"போச்சா?" என்றார்.

"போச்சு" என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூக்கைச் சொறிந்துகொண்டே, "கும்படறவங்களைக் கும்படாம எப்படி சாந்தா இருக்கறது?" என்று கேட்டார் பாவம்.

அக்டோபர் 27, திங்கள்

ஆபீசுக்குக் கிளம்பும்போது நடுவர் போன். ஸ்பீக்கரில் போட்டேன். இவரும் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வந்து நின்றார்.

"அம்மா, தீர்ப்பை நீங்க கேட்கலை இல்லையா? கருவிகளேன்னு சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரர் கருவியைப் பிடிச்சிருந்த வரைக்கும் உங்க பேச்சு வந்துது. விட்டதும் நின்னு போச்சு. எல்லாரும் கண்ணால பார்த்துட்டாங்க, நான் வேற என்னம்மா சொல்ல முடியும்?"

தோற்றது பரவாயில்லை, மேடை?

"ஆனா பேச்சுன்னா அது பேச்சு. பொங்கலுக்குக் கரூர் வந்துடுங்க. உங்க பேர்தான் முதல் பேர். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ஜனங்க அவரைப் பார்க்கணும்னு கேக்கறாங்க. மைக்கை மட்டும் அவர் கையில குடுத்துடாதீங்க."

போனை வைத்ததும் ஒரு குதி குதித்தேன். நாற்பத்தெட்டு வயதில் குதித்ததற்கு முட்டி உடனே பதில் சொன்னது. கரூர்! நிஜ மேடை! நிஜ மைக்!

இவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முழுசாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு கையையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டே, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தோத்துட்டனா சாந்தா? மிக்ஸி, குக்கருகிட்ட?"

முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறார். மூக்கில் கொசு கடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"அந்தத் தீர்ப்பு கெடக்குது உடுங்க" என்றேன். "அவரு ஊட்டுல உங்களாட்ட ஒருத்தரு இல்லீங்களே. அவருக்கென்ன தெரியும்?"

இவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். மூச்சுக் காட்டாமல் முழுசும் குடித்தேன்.